எண்ணைச் சந்தேகிக்கக் கற்றுத்தந்த பேராசிரியர்

முன்னாள் மாணவர் சங்க மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழுவினர் அன்புக் கட்டளை இட்டார்கள். விடுதிக் கதைகளையும் பழைய பேராசிரியர்களின் பட்டப்பெயர்களையும் சுவைபட எழுத நம் சங்கத்தில் என்னைவிடத் தகுதியானவர்கள் பலர் இருக்கிறார்கள். நான் இக்கல்லூரியில் புள்ளியியல் படித்தவன். பிறகு வெளியூரில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதையே கற்பித்து ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்ததைத்தானே நான் எழுத முடியும்?

கற்பித்த காலத்தில் என் அறைக்கு வேறு துறை ஆராய்ச்சி மாணவர்கள் அடிக்கடி வருவார்கள். தாவரவியல்காரர் இலைகளின் நீளத்தை அளந்து கொண்டு வருவார். பொருளாதாரக்காரர் நூறு வீடுகளின் செலவுக் கணக்கோடு வருவார். விலங்கியல்காரர் மீன்களை எடை போட்டு எழுதிய நோட்டைக் கொண்டு வருவார். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: ஏதாவது ஒரு டெஸ்ட் போட்டுக் கொடுங்க சார். டெஸ்ட் போடுவது பெரிய காரியமில்லை. இந்த எண் எப்படி வந்தது, யார் அளந்தார், இன்னொருவர் அளந்திருந்தால் இதே எண் வந்திருக்குமா என்று நான் திருப்பிக் கேட்பேன். அங்கேதான் பேச்சு நின்றுபோகும். அப்போதெல்லாம் நான் அவர்களுக்குச் சொல்வது ஒரு வங்காளப் பேராசிரியரின் கதையை. அதையே இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். அவர் பெயர் பிரசாந்த சந்திர மகாலனோபிஸ்.

இளமையும் கேம்பிரிட்ஜும்

மகாலனோபிஸ் 1893 ஜூன் 29 அன்று கல்கத்தாவில் பிரம்ம சமாஜக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். பிரசிடென்சி கல்லூரியில் படித்து 1912இல் இயற்பியலில் ஆனர்ஸ் பட்டம் பெற்றார். ஜகதீஷ் சந்திர போஸும் பிரபுல்ல சந்திர ராயும் பாடம் நடத்திய கல்லூரி அது. மறு ஆண்டு லண்டனில் படிக்கக் கப்பலேறினார். அங்கிருந்து ஒருநாள் கேம்பிரிட்ஜைச் சுற்றிப் பார்க்கப் போனவர், கிங்ஸ் கல்லூரியின் தேவாலயத்தைப் பார்த்து மயங்கி நின்றுவிட்டார். கடைசி ரயில் போய்விட்டது. அன்றிரவு ஒரு நண்பரின் அறையில் தங்க வேண்டியதாயிற்று. அந்த நண்பர் சொன்ன யோசனையின்படி லண்டனை விட்டுவிட்டுக் கிங்ஸ் கல்லூரியிலேயே சேர்ந்துவிட்டார்.

அங்கே அவருக்குக் கிடைத்த தோழர்களில் ஒருவர் நம் கும்பகோணத்து ராமானுஜன். 1914இல் கேம்பிரிட்ஜ் வந்து சேர்ந்த ராமானுஜன் குளிரில் தூக்கமின்றித் தவித்தார். கம்பளிகளை இழுத்துவிட்டு அவற்றுக்குள்ளே புகுந்து படுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியவில்லை. விரித்திருந்த படுக்கையின் மேலேயே படுத்து வந்தார். அதைக் கண்டு சொல்லிக் கொடுத்தவர் மகாலனோபிஸ்தான். இன்னொரு நாள் பத்திரிகையில் வந்த ஒரு புதிரை மகாலனோபிஸ் படித்துக் காட்டினார். ஒரு தெருவில் 50க்கு மேல், 500க்குள் வீடுகள். வரிசையாக 1, 2, 3 என்று எண்கள். ஒரு வீட்டுக்கு இடப்பக்கம் உள்ள எண்களின் கூட்டுத்தொகையும் வலப்பக்கம் உள்ளவற்றின் கூட்டுத்தொகையும் சமம். அது எந்த வீடு? அடுப்பில் காய்கறியைக் கிளறிக் கொண்டிருந்த ராமானுஜன், இந்த ஒரு விடையை மட்டுமல்ல, இத்தகைய எல்லா விடைகளையும் தரும் தொடர்பின்னம் ஒன்றை அங்கேயே சொன்னார். (288 வீடுகளில் 204ஆவது வீடு. மாணவர்கள் கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.) மகாலனோபிஸ் அந்த விடையை முன்னும் பின்னும் முயன்று பார்த்தே கண்டிருந்தார். இருவருடைய வழியும் அதிலேயே தெரிகிறது பாருங்கள். ராமானுஜன் எண்ணுக்குள்ளே வாழ்ந்தவர். மகாலனோபிஸ் எண்ணை வைத்துக்கொண்டு உலகத்தைப் பார்க்கப் போனவர்.

1915இல் இயற்பியலில் தேர்ச்சி பெற்று ஊர் திரும்ப இருந்த வேளையில், கல்லூரி நூலகத்தில் அவருடைய ஆசிரியர் மெக்காலே ஒரு பத்திரிகையின் தொகுதிகளைக் காட்டினார். அது கார்ல் பியர்சன் நடத்திய பயோமெட்ரிகா. உயிரியல் அளவுகளைக் கணிதத்தால் ஆராயும் இதழ். மகாலனோபிஸ் முழுத் தொகுதிகளையும் வாங்கிக் கொண்டு கப்பலேறி, வழியெல்லாம் படித்தார். கல்கத்தாவில் பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் ஆசிரியரானார். ஆனால் மனம் முழுக்கப் புள்ளியியலில் இருந்தது. அக்காலத்தில் இந்தியாவில் அதற்கென்று ஒரு துறையோ பட்டமோ கிடையாது.

வானமும் வெள்ளமும்

1922இல் கல்கத்தா அலிப்பூர் வானிலை ஆய்வுக்கூடத்தின் பொறுப்பும் அவரிடம் வந்தது. மேல் வளிமண்டல அளவுகளை எடுத்துக்கொண்டு ஒட்டுறவு கணக்கிட்டார். கருவி அளவெடுக்கும்போது ஏற்படும் பிழையை முதலில் கழித்துவிட்டுத்தான் கணக்கிட்டார். தரைமட்ட வானிலையை அதிகம் ஆட்டிப் படைக்கும் பகுதி சுமார் 4 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்பது அவர் முடிவு.

அதே 1922இல் வட வங்காளத்தில் பெரு வெள்ளம். வெள்ளநீரைத் தேக்கி வைக்க ஏராளமான செலவில் நீர்த்தேக்கப் பரப்புகள் அமைக்க வேண்டும் என்று பொறியாளர்கள் குழு பரிந்துரைத்தது. மகாலனோபிஸ் சுமார் 50 ஆண்டு மழைக் கணக்கையும் வெள்ளக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தேக்குவதால் பயனில்லை, தண்ணீர் விரைவாக வடிய வழி செய்ய வேண்டும் என்று காட்டினார். 1926இல் ஒரிசாவில் பிராமணி ஆறு பெருக்கெடுத்தது. ஆற்றுப் படுகை மேடாகிவிட்டது, கரைகளை இன்னும் சில அடி உயர்த்த வேண்டும் என்பது பொறியாளர்கள் கருத்து. மகாலனோபிஸ் சுமார் 60 ஆண்டுக் கணக்குகளைப் புரட்டினார். படுகை மேடாகவே இல்லை. கரையை உயர்த்துவது வீண். ஆற்றின் மேற்பகுதியில் அணை கட்டி உபரி நீரைப் பிடிக்க வேண்டும் என்றார். மகாநதியைப் பற்றி அவர் அன்று போட்ட கணக்குகள், 1957இல் திறக்கப்பட்ட ஹிராகுட் அணைக்கு முன்னோடிகளில் ஒன்று.

யோசித்துப் பாருங்க. அவர் பொறியாளர் அல்லர். ஆனால் கரையை உயர்த்தச் சொன்னவர்கள் ஒரு வெள்ளத்தைக் கண்ணால் பார்த்துப் பேசினார்கள். இவர் அறுபது ஆண்டு வெள்ளத்தைக் காகிதத்தில் பார்த்துப் பேசினார். வித்தியாசம் அதுதான்.

மனிதருக்கும் மனிதருக்கும் எவ்வளவு தூரம்?

1920இல் நாகபுரியில் நடந்த அறிவியல் மாநாட்டில் விலங்கியல் ஆய்வுத்துறைத் தலைவர் நெல்சன் அன்னண்டேல் இவரைச் சந்தித்தார். கல்கத்தாவின் ஆங்கிலோ-இந்தியர்களிடம் எடுத்த உடலளவுகள் தம்மிடம் கிடக்கின்றன, கொஞ்சம் ஆராய்ந்து தர முடியுமா என்று கேட்டார். அந்த வேலைதான் 1922இல் மகாலனோபிஸின் முதல் புள்ளியியல் கட்டுரையாக வெளிவந்தது. அதிலிருந்து பிறந்த கேள்வி அவரை விடவே இல்லை. இரு மக்கட்குழுக்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கம், எவ்வளவு தூரம் என்பதை ஒரே எண்ணில் சொல்ல முடியுமா?

இதைக் கணிதம் படிக்காதவர்களுக்கும் சொல்லிவிடலாம். உயரமானவருக்குக் கையும் நீளமாகத்தான் இருக்கும். ஆகவே ஒருவர் சராசரியைவிட உயரம், கையும் நீளம் என்றால் அதை இரண்டு வித்தியாசங்களாக எண்ணக் கூடாது. பெரும்பாலும் அது ஒரே செய்திதான். ஆனால் ஒருவர் உயரமாக இருந்து கை மட்டும் குட்டையாக இருந்தால்? அவர் சராசரியிலிருந்து வெகு தூரம். ஆகையால் ஓர் அளவு மற்றோர் அளவோடு எப்படிச் சேர்ந்து போகிறது என்பதையும் கணக்கில் கொண்டுதான் தூரத்தை அளக்க வேண்டும். அங்குலத்தில் அளந்தாலும் சென்டிமீட்டரில் அளந்தாலும் விடை மாறக் கூடாது. இதற்கு முன்பு பியர்சன் வகுத்திருந்த குணகம் அளவுகளுக்கிடையே உள்ள ஒட்டுறவைக் கண்டுகொள்ளவில்லை. அதை மகாலனோபிஸ் குருவிடமே எடுத்துச் சொன்னார். பியர்சன் ஏற்கவில்லை. சீடர் விடவில்லை, தம் கட்டுரையை 1930இல் கல்கத்தாவின் ஆசியக் கழக இதழில் வெளியிட்டார். 1936இல் அந்தக் கருத்து முழு வடிவம் பெற்றது. இன்று உலகமெங்கும் மகாலனோபிஸ் தொலைவு என்று பாடப்புத்தகங்களில் இருப்பது அதுதான்.

அதன் பயணத்தைப் பாருங்கள். அவருடைய மாணவர் சி. ஆர். ராவ் கேம்பிரிட்ஜ் சென்று, சூடானில் ஜெபல் மோயா என்ற இடத்தில் தோண்டி எடுத்த பழைய எலும்புக்கூடுகளை அந்த அளவைக் கொண்டே ஆராய்ந்தார். பின்னர் தாவர இனங்களை வகைப்படுத்துகிறவர்களும், செயற்கைக்கோள் படத்தில் வயல் எது, காடு எது என்று பிரிப்பவர்களும், ஆலையில் பழுதான பொருளைக் கண்டுபிடிப்பவர்களும் அதையே எடுத்துக்கொண்டார்கள். மனித உடலை அளக்கப் பிறந்த சூத்திரம் இப்போது கணினிப் பாடங்களிலும் வருகிறது. ராவ் அவர்கள் 2023இல் தமது 102ஆம் வயதில் மறையும்வரை அந்த மரபின் மூத்த சாட்சியாக இருந்தார்.

238 ரூபாயில் ஒரு நிறுவனம்

பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் துறையின் ஓர் அறை. அதில் சில மேசைகள், சில கணக்கிடும் இயந்திரங்கள், ஆர்வமுள்ள சில இளைஞர்கள். 1931 டிசம்பரில் அங்கே இந்தியப் புள்ளியியல் நிறுவனம் தோன்றியது. முதல் ஆண்டுச் செலவு 238 ரூபாய்! 1933இல் 'சங்க்யா' என்ற ஆராய்ச்சி இதழைத் தொடங்கினார். எண் என்றும் தெளிந்த அறிவு என்றும் பொருள்படும் அச்சொல்லைத் தேடிப் பிடித்து வைத்தார். ராஜ் சந்திர போஸ், எஸ். என். ராய் போன்ற இளங்கணிதர்கள் அங்கே வந்து சேர்ந்தார்கள். 1937-38இல் ஆர். ஏ. ஃபிஷரே கல்கத்தா வந்து அவர்களோடு பணியாற்றினார்.

சணல் வயலில் இரண்டு குழுக்கள்

இனி நான் மாணவர்களுக்கு மிகவும் அழுத்திச் சொல்லும் பகுதிக்கு வருகிறேன். வங்காளத்தின் பணப்பயிர் சணல். எத்தனை ஏக்கரில் பயிரிட்டிருக்கிறது என்று தெரியாமல் விலையும் தெரியாது, வியாபாரமும் தெரியாது. ஒவ்வொரு வயலாக எண்ணினால் ஆயிரக்கணக்கான ஆட்கள், ஏராளமான செலவு. 1937இல் மகாலனோபிஸ் மாதிரி ஆய்வைத் தொடங்கினார். முதலில் சிறு முன்னோட்டம். ஓர் இடத்துக்குப் போய்வர எவ்வளவு நேரம், எவ்வளவு செலவு, எவ்வளவு பிழை என்று அளந்துகொண்டார். அதன்பின் ஆண்டுதோறும் பரப்பை விரித்தார்.

அவர் செய்த புதுமை என்ன தெரியுமா? ஒரே பகுதிக்கு, ஒருவரை ஒருவர் கலந்துகொள்ளாத இரண்டு குழுக்களை அனுப்பினார். இரு குழுவுக்கும் தனித்தனி மாதிரி. இருவரும் கொண்டுவரும் மதிப்பீடுகள் நெருங்கி இருந்தால் நம்பலாம். விலகி இருந்தால் அந்த விலகலே பிழையின் அளவு. மாதிரி எடுப்பதால் வரும் பிழை மட்டுமல்ல, வெயிலுக்குப் பயந்து மரத்தடியில் உட்கார்ந்து எழுதியதால் வரும் பிழையும் அதில் பெரும்பாலும் அகப்பட்டுவிடும். கணக்கெடுக்கும் போதே கணக்கின் குறையையும் அளந்துகொள்வது. இதுதான் அந்த மனிதர் நமக்கு விட்டுச் சென்ற சொத்து என்பேன்.

சணல் ஆலைக்கும் ஏற்றுமதிக்கும் போன மொத்தத்தோடு பின்னால் ஒப்பிட்டபோது, வயல் வயலாக எண்ணிய முழுக் கணக்கைவிட மாதிரிக் கணக்கே உண்மைக்கு நெருக்கமாக இருந்தது. ஆயிரக்கணக்கான ஆட்களை மேற்பார்வை பார்ப்பது யார்? சிலரை நன்றாகப் பயிற்றுவித்து அனுப்புவது மேல் அல்லவா?

இது வெறும் வியாபாரக் கணக்கு அல்ல. 1943இல் வங்காளம் பஞ்சத்தில் மூழ்கியது. பல லட்சம் பேர் மடிந்தார்கள். எவ்வளவு நெல் விளைந்தது, எவ்வளவு இருப்பில் இருக்கிறது என்று நம்பத் தகுந்த கணக்கு அரசாங்கத்திடம் இல்லாதிருந்ததும் அந்தக் கொடுமையின் ஒரு பகுதி. பஞ்சத்துக்குப் பின் மகாலனோபிஸின் ஆட்கள் 15,000க்கும் மேற்பட்ட குடும்பங்களிடம் சென்று, யார் நிலத்தை விற்றார், யார் மாட்டை இழந்தார், யார் கூலியானார், யார் பிச்சைக்குப் போனார் என்று எழுதி வந்தார்கள். அந்த அறிக்கை 1946இல் வெளியானது. தவறான எண்ணும், இல்லாத எண்ணும் ஆளைக் கொல்லும் என்பதை அதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

நாடு முழுவதும்

விடுதலைக்குப் பின் 1949இல் மத்திய அமைச்சரவையின் கௌரவப் புள்ளியியல் ஆலோசகரானார். 1950 அக்டோபரில் தேசிய மாதிரி ஆய்வின் முதல் சுற்று தொடங்கியது. நாட்டின் சுமார் ஐந்தரை லட்சம் கிராமங்களிலிருந்து 1,833 கிராமங்கள் எடுக்கப்பட்டன. நினைத்துப் பாருங்கள், நம் பக்கத்திலேயே ஊருக்கு ஊர் படி வேறு, மரக்கால் வேறு. நிலமென்றால் குழி, மா, வேலி. இந்தியா முழுக்க இப்படி எத்தனை அளவைகள், எத்தனை மொழிகள்! அத்தனையையும் ஒரே அட்டவணைக்குள் கொண்டுவந்தார்கள். ஏழைக் குடும்பம் ஒன்று என்ன சாப்பிடுகிறது, எதற்குச் செலவிடுகிறது என்பது அப்போதுதான் நாட்டளவில் எண்ணாகத் தெரிய ஆரம்பித்தது. 1956இல் இந்தியாவின் முதல் மின்னணுக் கணினியான எச்.இ.சி. 2எம் அவருடைய நிறுவனத்தில்தான் இயங்கத் தொடங்கியது. 1959இல் நாடாளுமன்றச் சட்டம் அந்நிறுவனத்தைத் தேசிய முக்கியத்துவம் பெற்றதாக அறிவித்தது.

முதுமையிலும் பழைய எண்ணம் போகவில்லை. 1960இல் வெளியிட்ட ஒரு வரைபட முறையில், மக்களைச் செலவின்படி வரிசையாக்கிச் சம பகுதிகளாகப் பிரித்துக் கோடு வரைந்தார். ஒரு கோடு அல்ல. இரண்டு தனி மாதிரிகளுக்கு இரண்டு கோடுகள். இரண்டுக்கும் நடுவே உள்ள பரப்புதான் பிழை. சணல் வயலில் அனுப்பிய இரண்டு குழுக்களே காகிதத்தில் வந்து நிற்பதைப் பார்க்கிறோம்.

குறைகளும் உண்டு

மலர்க் கட்டுரை என்பதற்காகக் குறைகளை மறைக்கக் கூடாது. மறைத்தால் அவருக்கே பிடிக்காது. நெல் விளைச்சலை மதிப்பிட அவர் மிகச் சிறிய வட்டங்களில் அறுவடை செய்து பார்க்கச் சொன்னார். 1940களில் பி. வி. சுகாத்மே இதை மறுத்தார். வட்டம் சிறியதானால் ஓரத்தில் நிற்கும் செடிகளையும் ஆட்கள் உள்ளே சேர்த்துவிடுகிறார்கள், விளைச்சல் கூடுதலாகத் தெரிகிறது என்று சோதித்துக் காட்டினார். விவாதம் கடுமையாக நடந்தது. பயிர் மதிப்பீட்டுக்கு அரசு பெரிய அளவு வெட்டுப்பகுதிகளையே ஏற்றது. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்துக்கு (1956-61) மகாலனோபிஸ் வகுத்த மாதிரி, கனரகத் தொழில்களுக்கு முதலிடம் தந்தது. பொருளாதார அறிஞர் பி. ஆர். ஷெனாய் 1955லேயே தனி மறுப்புக் குறிப்பு எழுதினார். வேளாண்மை பின்தள்ளப்பட்டது என்ற விமர்சனம் இன்றுவரை ஓயவில்லை. என் கருத்தைக் கேட்டால், சணல் வயலுக்கு இரண்டு குழு அனுப்பியவர், திட்டத்துக்கு ஒரே சமன்பாட்டுத் தொகுதியோடு நின்றுவிட்டார். அளப்பதில் காட்டிய சந்தேகத்தைத் திட்டமிடுவதில் காட்டவில்லை. பெரியவர்களிடமும் கற்றுக்கொள்ள இப்படி இரண்டு பக்கம் இருக்கிறது.

நிறைவு

1945இல் ராயல் சொசைட்டி உறுப்பினர், 1968இல் பத்ம விபூஷண் என்று சிறப்புகள் வந்தன. தாகூருக்கு மிக நெருங்கிய நண்பர். விசுவபாரதியின் இணைச் செயலாளராகப் பத்து ஆண்டுகள் உழைத்தவர். மனைவி நிர்மலகுமாரி அவருடைய எல்லா முயற்சிகளிலும் துணை நின்றார். 1972 ஜூன் 28 அன்று, 79ஆம் பிறந்தநாளுக்கு ஒருநாள் முன்பாகப் பேராசிரியர் காலமானார். 2007 முதல் ஜூன் 29 நாடெங்கும் புள்ளியியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

இன்றைய மாணவச் செல்வங்களே, நாங்கள் படித்தபோது ஓர் ஒட்டுறவுக் கெழு காண அரை நாள் ஆகும். உங்களுக்கு அரை நொடி. மகிழ்ச்சிதான். ஆனால் கணினி உங்களிடம் அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்காது. அதை நீங்கள்தான் கேட்க வேண்டும். நீங்கள் தாவரவியல் படித்தாலும், மருத்துவம் படித்தாலும், பொருளாதாரம் படித்தாலும் சரி, இலையை நீங்கள் ஒருமுறை அளந்தால், தோழரை விட்டு உங்கள் நோட்டைப் பார்க்காமல் இன்னொருமுறை அளக்கச் சொல்லுங்கள். இரண்டும் எவ்வளவு விலகுகிறது என்று ஆய்வேட்டில் எழுதுங்கள். அதற்குப் பெரிய கருவி வேண்டாம், பணம் வேண்டாம். கொஞ்சம் நேர்மையும், ஒரு மாலை நேரமும் போதும்.

என்னோடு படித்த நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. நம்மில் பலர் வங்கியிலும் அரசுத் துறையிலும் ஆலையிலும் எண்களோடு உழன்று ஓய்வு பெற்றிருக்கிறோம். நம் கல்லூரியின் ஆராய்ச்சி மாணவர் யாராவது ஓர் அட்டவணையோடு உங்களைத் தேடி வந்தால், டெஸ்ட் போட்டுக் கொடுத்து மட்டும் அனுப்பிவிடாதீங்க. யார் அளந்தது என்று கேளுங்கள். உட்காரவைத்து, காபி கொடுத்துக் கேளுங்கள். கல்லூரிக்கு நாம் திருப்பிச் செய்யக்கூடிய கைங்கரியங்களில் அதுவும் ஒன்று.